விரலுக்கும் மரபு இருக்கு

மூன்றாம் கிழமையே எங்கட விரல் நுனியள் கொப்பளிச்சிட்டுது. மரவில்லை இழுக்க ஏலாமப் போச்சு. ஒருத்தி இனி வரமாட்டன் எண்டாள். நாணைக் கொழுவி, விசையைத் தட்டி விடுற ‘றிலீஸ்’ ஒண்டைக் கொண்டு போனம். “இது மரபில்லை” எண்டு சொல்லிச்சினம்.

தேடி வாசித்தோம். துருக்கியரும் கொரியரும் கட்டைவிரலில் வளையம் மாட்டித்தான் நாணை இழுத்திருக்கிறார்கள். ஷாஜகானின் ஜேட் கல் வளையம் லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரலைக் காப்பதும் மரபுதான்.

ஒலிம்பிக் றிகேர்வ் போட்டியில் றிலீஸுக்கு அனுமதியில்லை. விரலுக்குத் தோல் போடலாம். போட்டிக்கு அந்த விதி சரி. பழகிற பிள்ளைக்கு? ஏகலைவனிட்டக் கட்டைவிரல் கேட்டதும் மரபின்ர பேரிலதானே.

அவள் திரும்பி வந்திட்டாள். காயம் ஆறுமட்டும் றிலீஸோட எய்யிறாள். பிறகு எல்லாரும் விரலாலதான், தோலுறையோட.