வெள்ளரிப் பாத்தியின் மேல் ஒரு வலை



குருமனையின் பின்புறத்தில் பச்சை வலை போர்த்திய ஒரு கூண்டினைச் சில வாரங்களாக நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதைக் கோழிக்கூடு என்றே முடிவு செய்துவிட்டார்கள். அதனுள் கோழி இல்லை. சிறுகீரையும் வெள்ளரியும் இருக்கின்றன. அதைப்பற்றி உங்களிடம் சொல்லவேண்டிய காரியம் ஒன்று உண்டு.

கொல்லை மண் உவர்மண் என்பதால், செங்கல்லை அடுக்கி எட்டு அடி நீளமும் நான்கு அடி அகலமுமாக மேட்டுப்பாத்தி ஒன்று அமைத்தேன். செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, மாசிக் கடைசியில் விதையிட்டேன். முளைத்த மூன்றாம் நாளே மயில்கள் வந்தன. திருநெல்வேலிச் சீமையில் மயிலைக் குறித்து நான் விளக்கவேண்டியதில்லை. விரட்டலாமேயன்றி அதை வேறொன்றும் செய்யலாகாது. மயில் விட்டதைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறின. மறுபடியும் விதைத்தேன், இம்முறை மூடிவைப்பதென்று தீர்மானித்தேன்.

உங்களிலும் மயிலோடு போராடுகிறவர்கள் உண்டு. ஆகையால் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். அரை அங்குல பிவிசி குழாய் இருபது அடி நீளத்தில் கிடைக்கிறது. அதை மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஆறரை அடிக்குச் சற்று மேல் வரும். நான்கடி அகலப் பாத்திக்கு அந்த நீளம் அளவெடுத்தாற்போல் பொருந்தும். பாத்தியின் இருபுறமும் இரண்டடிக்கு ஒன்றாக ஒரு முழ இரும்புக் கம்பிகளைப் பாதிவரை அடித்து இறக்கி, குழாயின் ஒரு முனையை ஒரு கம்பியில் செருகி, வில்லைப்போல் வளைத்து, மறுமுனையை எதிர்க்கம்பியில் செருகவேண்டும். எட்டு அடிக்கு ஐந்து வளைவுகள். உச்சியில் நீளவாக்கில் ஒரு மூங்கில் கழியை வைத்துக் கட்டினால் காற்றுக்கு அசையாது. அதன்மேல் ஐம்பது விழுக்காடு நிழல்வலை. வலையைப் பிடித்துக்கொள்ள விலைகொடுத்துக் கிளிப் வாங்கவேண்டாம். முக்கால் அங்குலக் குழாயை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நீளத்தில் ஒரு கீறல் போட்டு, வலையோடு சேர்த்து வளைவின்மேல் அழுத்தினால் கவ்விக்கொள்ளும். ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் என் மகளும் நானும் இதைச் செய்து முடித்தோம். பிரசங்கக் குறிப்பு அன்றிரவு தாமதமாயிற்று என்பதையும் அறிக்கையிடுகிறேன்.

கீழ்விளிம்பு முழுவதும் இடைவெளியின்றிச் செங்கல் வைத்தேன். அணிலும் நுழையாதபடி அடைத்துவிட்டதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பங்குனி வெயில் பாதியாய்க் குறைந்தது. ஊற்றின் தண்ணீர் மண்ணில் நின்றது. இருபத்தைந்தாம் நாள் கீரை பறித்தோம்.

வெள்ளரியின் காரியம் வேறாயிற்று. கொடி செழித்தது, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது. பூவுக்குப் பின்னால் விரல்நுனி அளவு பிஞ்சும் தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றும் பழுத்து வாடி உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று எண்ணி உரமிட்டேன். தண்ணீர் அதிகம் என்று எண்ணிக் குறைத்தேன். ஒருநாள் காலை மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, தேனீ எந்த வழியா உள்ள வரும்?" என்றாள்.

வெள்ளரியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோகத் தேனீ வரவேண்டும். பூ விரிந்திருப்பதோ ஒரே ஒரு நாள். இலைக்காக வளர்க்கும் கீரைக்கு அந்த விருந்தாளி தேவையில்லை. ஆகையால் அது பிழைத்தது. நான் மயிலுக்கு அடைத்த வலை தேனீயையும் அடைத்துவிட்டது.

அவள் வலையை மட்டும் குறித்துக் கேட்டாளா என்று நான் அன்று முழுவதும் யோசித்தேன். செவிலியர் படிப்பை முடித்த அவளுக்கு ஒடிசாவின் மலைப்பகுதியிலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. என் வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நான் மூன்று வாரமாய், "ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். 1903இல் நம் மண்ணில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்திற்காக உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பிரசங்க பீடத்தில் நிற்கிறவனும் நானே. என் வீட்டுப் பிள்ளையின் கடிதமோ மேசையில் வேதாகமத்தின் கீழே கிடந்தது. அதை அங்கே வைத்தது விசுவாசத்தினால் அல்ல, கண்ணில் படாதிருக்கவே.

ஏசாயாவின் முதலாம் அதிகாரத்தில் வெள்ளரித் தோட்டத்துக் குடிசை ஒன்று வருகிறது. பாழாய் விடப்பட்ட சீயோனுக்கு அதைத் தீர்க்கதரிசி ஒப்பிடுகிறார். பலமுறை பிரசங்கித்த பகுதி அது. அந்தக் குடிசை யாருக்காக என்று நான் யோசித்ததே இல்லை. காய்க்கும் காலத்தில் காவற்காரன் தங்குவதற்காக. நம் வயல்களில் பரண் கட்டுவதும் அதற்காகத்தானே? கூரை அவன் தலைக்குமேல் இருந்தது. கொடிகள் வெட்டவெளியில் கிடந்தன. இரவில் நரி வந்தால் அவன் எழுந்து ஓட்டவேண்டும். அது உறக்கம் கெடும் வேலை. செங்கல் வைத்து அடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது எளிது.

மறுநாள் வலையின் ஒரு பக்கத்துச் செங்கற்களை எடுத்துவிட்டு, அந்த விளிம்பில் நீளமான மூங்கில் கழியைக் கட்டினேன். பாயைச் சுருட்டுவதுபோல மேலே சுருட்டிவைக்கலாம், வெயில் ஏறியதும் இறக்கிவிடலாம். காலை ஆறுமணிக்குச் சுருட்டினேன். ஏழரைக்குள் தேனீக்கள் வந்தன. முருங்கைமரத்தில் மயில்களும் வந்து உட்கார்ந்தன. நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் கம்போடு அமர்ந்தேன். அன்று மாலை கடிதத்தை எடுத்து மகளிடம் கொடுத்து, "பதில் எழுதம்மா" என்றேன். அவளுடைய தாயார் அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு ரயில். அவளுக்காகவும், அவளுடைய தாயாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை என்னைப் பார்க்க வருகிறவர்கள் நேராகக் கொல்லைப்புறத்துக்கே வரலாம். மயில் இன்னும் மனந்திரும்பவில்லை. வெள்ளரிப்பிஞ்சு நேற்று எண்ணியபோது பதினொன்று இருந்தது. ஆராதனை முடிந்து முதலில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும்.