கைப்பிடிக் கம்பி

புரட்டாசி 5

பித்தளைத் தகட்டை வெட்டியும் மடித்தும் ஈயம் வைத்துப் பற்றவைத்தும் எட்டு மாத காலமாக நான் உருவாக்கிவந்த நீலகிரி மலை ரயில் எஞ்சின் இன்று ஒருவாறு உடல் நிறைந்து மேஜைமேல் நின்றது. 1914 முதல் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் தயாராகி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறிய 'எக்ஸ்' வகை எஞ்சினின் பிரதிமை இது. அசலின் 87-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கின்படி மீட்டர் பாதை பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலம் உடையது. அந்த அரை மில்லிமீட்டர் அபசாரத்தை என் மனம் எப்போதோ மன்னித்துவிட்டது.

கொதிகலன், புகைபோக்கி, இருபுறமும் தண்ணீர்த் தொட்டி, எட்டு ஓட்டுசக்கரங்கள், பின்னே இரண்டு சிறு சக்கரங்கள் எல்லாம் அமைந்துவிட்டன என்ற திருப்தியில் நான் நாற்காலியில் சாய்ந்திருக்க, ஏழு வயதுப் பேத்தி முகவாயை மேஜை விளிம்பில் பதித்து வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தாத்தா, டிரைவர் மாமா எதைப் பிடிச்சுக்கிட்டு ஏறுவாரு?" என்றாள்.

முப்பது வருஷ காலம் பிள்ளைகளுக்கு யந்திர வரைபடம் கற்பித்தவன் நான். அளவில் பிழை என்று எவரேனும் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். இதற்கோ பதில் இல்லை. படிக்கட்டு இருந்தது; கைப்பிடி இல்லை. என் எஞ்சினில் எவரும் ஏற முடியாது.

புரட்டாசி 12

இந்தக் கலையில் ஈடுபட்டவர்களுள் இரண்டு வகுப்பினர் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த வண்டியைத் தண்டவாளத்தில் வைத்து ஓடவிட்டு மகிழ்பவர்கள் ஒரு வகுப்பு. அவ்விதம் வாங்கிய வண்டியிலேயே தொழிற்சாலைக்காரர் அச்சிலேயே புடைப்பாக வார்த்துவிட்ட கைப்பிடியையும் குழாயையும் கூரிய கத்தியால் செதுக்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் துளையிட்டு, உண்மையான கம்பியைப் பொருத்தினாலன்றி நித்திரை கொள்ளாதவர்கள் மற்றொரு வகுப்பு. புடைப்பாக வார்த்த கைப்பிடிக்கும் தனிக் கம்பிக்கும் உள்ள வித்தியாசம், சுவரில் எழுதிய கதவுக்கும் திறக்கிற கதவுக்கும் உள்ள வித்தியாசந்தான். கம்பிக்குப் பின்னால் ஒளி புகுந்து உடலின்மேல் ஒரு மெல்லிய நிழல் விழ வேண்டும். நான் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவன் என்று இதுவரை நினைத்திருந்தேன். பேத்தியின் கேள்வியோ என்னை வகுப்பிலிருந்தே வெளியே நிறுத்திவிட்டது.

அசலில் கைப்பிடி ஏறக்குறைய ஓர் அங்குலப் பருமன். எனக்கு வேண்டியது 0.3 மில்லிமீட்டர்க் கம்பி. என்னிடம் இருந்ததோ அரை மில்லிமீட்டர். அதை வைத்தால் நம் டிரைவர் மூங்கிலைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்போல் தோன்றுவார். அடுத்த தெருவில் நகை வேலை செய்யும் பத்தரிடம் போனேன். எண்பது வயதை நெருங்கும் அவர் பித்தளை என்றதும் முதலில் முகம் சுளித்தார். கம்பி இழுக்கும் அச்சுப் பலகையை எடுத்து, கம்பியின் நுனியை அரத்தால் கூராக்கி, பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து, நடுவில் இருமுறை தணலில் காட்டிப் பதப்படுத்தி, அரை மணி நேரத்தில் தலைமுடிபோன்ற கம்பி ஒரு முழத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"காசு வேண்டாம் வாத்தியாரே. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கம்பிக்கும் உடம்புக்கும் நடுவால விரல் போற சந்து இருக்கணுமில்ல?" என்று கேட்டார். குழந்தை கேட்ட கேள்வியையே கிழவரும் வேறு விதமாகக் கேட்டார்.

புரட்டாசி 20

விரல் நுழையும் சந்து அசலில் இரண்டரை அங்குலம் என்றால் பிரதிமையில் முக்கால் மில்லிமீட்டர். இந்தச் சந்து நெடுகிலும் ஒரே சீராக இருப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை நாடாவாக வெட்டி, வேண்டிய கனம் வரும்வரை இரண்டு மூன்று அடுக்காக உடலின்மேல் வைத்து, அதன்மேல் கம்பியைப் படியவைத்து, இரு முனைகளையும் துளைக்குள் செலுத்தி உட்புறமாக ஈயம் பற்றவைத்தபின் அட்டையை உருவிக்கொள்ள வேண்டும். யாருடைய திருமணமோ என் கைப்பிடிக்கு அளவுகோலாயிற்று. தம்பதிகள் க்ஷேமமாக இருப்பார்களாக.

துளையிடுவதில்தான் பொறுமை சோதனைக்குள்ளாயிற்று. 0.3 மில்லிமீட்டர்த் துளைக்கோல் பித்தளையில் கொஞ்சம் சாய்ந்தாலும் முறியும். கைத்துரப்பணத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உருட்டி, ஊசியால் முன்கூட்டியே குறித்த புள்ளியில் அமுக்காமல் சுற்றி, நாலு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டிவிட வேண்டும். பன்னிரண்டு துளைகளுக்கு ஐந்து கோல்கள் பலியாயின. ஐந்தாவது முறிந்தது பன்னிரண்டாவது துளையில். அதன் நுனி இன்னும் உள்ளேயே இருக்கிறது, கோயில் அஸ்திவாரத்தில் புதைத்த நவரத்தினம்போல.

ஐப்பசி 3

கடல் கடந்து ஒரு சிறு பொட்டலம் வந்து சேர்ந்தது: ஊதல், பாதுகாப்பு வால்வு, திருகுச் சக்கரங்கள், காற்றுக் குழாய் முனைகள். எல்லாம் பித்தளை வார்ப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஊதலின் அடியில் அறுகோண மறையாணியின் ஆறு பக்கங்களையும் எண்ண முடிந்தது.

இந்த நுட்பம் நமக்குப் புதியதன்று. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதைச் சிற்ப நூலார் 'மதூச்சிஷ்ட விதானம்' என்பர். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அவ்வாறே விக்கிரகம் வார்க்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். ஸ்தபதியின் மெழுகுருவம் ஒரே முறைதான் உருகும். ஆதலால் ஒவ்வொரு விக்கிரகமும் தனிப் பிறவி. இந்த ஊதல்களுக்கோ மூல உருவத்திலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகுப் பிரதிகள் பலவற்றை எடுத்து, மரக்கிளையில் காய்கள்போல் ஒரே தண்டில் ஒட்டி, ஒரே வார்ப்பில் ஒரு குலையாக எடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் பொட்டலத்தில் ஒரு குறை. கை பிரேக்குக்கென்று அனுப்பிய திருகுச் சக்கரத்தின் விட்டம் 7 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினேன்: இரண்டடி. பிரேக் பிடிப்பவர் சைக்கிள் சக்கரத்தை அல்லவா சுழற்ற வேண்டும்! விற்றவர் வேறோர் அளவுக்கு உரியதை அனுப்பிவிட்டார் போலும். அழகாயிருந்தது, ஆனால் பொய். டப்பாவில் போட்டு மூடினேன்.

ஐப்பசி 17

சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளக் குன்னூருக்குப் பஸ்ஸில் போனேன். மழைக்கு மண் சரிந்து பாதையை மூடியிருந்ததால் மலை ரயில் ஓடவில்லை. ஓடாதது எனக்கு அனுகூலமாயிற்று. கொட்டகை ஓரமாக ஓர் எஞ்சின் நனைந்துகொண்டு நின்றது.

இந்த எஞ்சினின் விசேஷம் அதன் பக்கவாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு புறமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நீராவி உருளைகள். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சக்கரங்களை ஓட்டும் உருளைக்குள் புகுகிறது. அங்கே வேலை முடித்துச் சற்றுத் தளர்ந்த அதே நீராவியை வீணாக்காமல் மற்ற உருளைக்கு அனுப்பி, தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரங்களைச் சுழலச் செய்கிறார்கள். கல்லாறு முதல் குன்னூர் வரையில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற விகிதத்தில் செங்குத்தாய் உயரும் பாதையில்தான் இந்த இரண்டாவது உழைப்பு; மற்ற இடங்களில் நீராவி நேரே புகைபோக்கி வழியாகப் போய்விடும். படத்தைப் பார்த்து என் பிரதிமையில் ஒட்டியிருந்த தடித்த குழாய் ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. உடலில் புகுந்து மறைந்தால் போதும் என்று விட்டிருந்தேன். இன்று மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கைக் கண்ணாலேயே தொடர்ந்து சென்றபோது, அது ஓர் உருளையின் மூச்சை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் வழி என்று தெளிந்தது. பொருள் தெரியாமல் மந்திரம் ஜபித்தவனுக்கு உரை கிடைத்தாற்போலாயிற்று.

நடைமேடையில் ஒரு பெரியவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெட்டியின் முன்முகப்பிலும் கொடியும் கையுமாக நின்று பிரேக்கை இயக்குகிறார்களே, அந்த உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பெட்டியைத் திறந்து பிரதிமையைக் காட்டினேன். அவர் இரு கைகளையும் வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்த வருசத்து வண்டிங்க?"

"எந்த வருஷம் என்றால்?"

"பின்னால கரி குமிச்சிருக்குது. அடியில எண்ணெய்க் குழாயும் போகுது. ரெண்டும் ஒண்ணா ஓடுனதில்லைங்களே!"

ஐப்பசி 18

இரவு உறக்கம் வரவில்லை. அவர் சொன்னது முற்றும் உண்மை. பல பத்தாண்டுகளாக நிலக்கரி தின்ற இந்த எஞ்சின்களுட் சிலவற்றை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். நானோ, இஸ்திரிக் கடையில் வாங்கிய கரியைப் பொடித்து என் பால்ய ஞாபகத்தின்படி பின்தொட்டியில் குவித்தேன். குழாய்களை அண்மையில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து வைத்தேன். ஒவ்வோர் அங்கமும் மெய். சேர்ந்து நின்ற உருவமோ ஒரு நாளும் உலகில் இருந்திராதது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பெண்டன் என்றொரு காட்சிசாலை இருக்கிறது. 1954-இல் அதை நிறுவிய ராய் இங்லாண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அவ்வட்டாரத்தின் பழைய வீடுகளிடம் மனத்தைப் பறிகொடுத்து, அவை மறைந்துபோவதைக் காணச் சகியாமல், 1920-களிலும் 30-களிலும் அவை இருந்த வண்ணமே அட்டையில் ஓடு ஓடாக வெட்டி வைத்தவர். அவர் நுணுக்கத்தையெல்லாம் கட்டுப்படுத்தியது அந்தக் காலவரையறை. அமெரிக்காவில் மான்டெரே நகரத்து ஜான் ஆலன், புத்தம் புதிதாகப் பளபளக்கும் மாதிரி வண்டிகளின்மேல் துருவும் புழுதியும் புகையும் ஏற்றி, உழைத்த வண்டியின் லக்ஷணத்தைக் கொடுத்த முன்னோடி. புகைப்படத் தொழில் செய்தவர் அவர். அவர்கள் இருவரும் அறிந்திருந்ததை நான் இன்றுதான் அறிந்தேன். எத்தனை பாகங்களைச் சேர்த்தோம் என்பது கேள்வியன்று. எந்த நாளுக்கு அவை உரியவை என்பதே கேள்வி. நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தேதி போடாமல் ஒரு வரியும் எழுதமாட்டேன், எஞ்சினுக்கு மட்டும் தேதி போட மறந்தேன்.

கார்த்திகை 9

நாள் நிச்சயமாயிற்று: 1968, கோடை விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது அப்பா என்னைக் கீழே இறக்கி அதன் அருகே அழைத்துப்போனார். டிரைவர் மேலிருந்து இறங்கினார், ஏறினார். மற்றெல்லாம் புகையும் நீராவியும்.

ஆகவே எண்ணெய்க் குழாயை நீக்க வேண்டும். சேர்ப்பதைவிடக் கழிப்பது கடினம். பற்றிரும்பை வைத்துக் குழாயைத் தளர்த்தியபோது சூடு தகட்டில் பரவி, மூன்று நாள் பாடுபட்டு வைத்த கைப்பிடிகளுள் இரண்டு தாமாகவே கழன்று மேஜையில் விழுந்தன. பத்தரிடம் போய் முறையிட்டேன். "முதல்ல வச்சது கெட்டியான பொடியில இருந்தா, ரெண்டாவது சூட்டுக்கு அசையாது" என்றார். முதற் பற்றுக்கு அதிக வெப்பத்தில் உருகும் பொடி, அடுத்ததற்கு அதனினும் எளிதில் உருகுவது என்று நகையில் படிப்படியாக வைக்கிறார்கள். அதையே ஈயத்திலும் செய்யலாம். பொடி வைத்துப் பேசுகிறவர்களைத்தான் இதுவரை எனக்குத் தெரியும். முதன்முறையாகப் பொடி வைத்துப் பிழைத்தேன்.

மார்கழி 2

வர்ணம் காய்ந்தது. இனி அழுக்கேற்றும் வைபவம். அதற்கும் நியாயம் உண்டு: மேற்புறத்தில் புகைக்கரி, படிக்கட்டில் செம்மண், உருளையருகே எண்ணெய் மினுக்கு, வால்வு கசியும் இடத்தில் கொதிகலன் நீரின் உப்பு காய்ந்த வெள்ளைக் கோடு. மெல்லிய தூரிகையால் பொடியை எடுத்து எடுத்து வைத்தேன்.

எல்லாம் முடிந்தபின் ஒன்று உறுத்தியது. கைப்பிடிக் கம்பி முழுவதும் ஒரே கறுப்பாயிருந்தது. நாள்தோறும் மனிதக் கை பற்றும் இடத்தில் கரி எப்படித் தங்கும்? அங்கே இரும்பு தேய்ந்து மின்ன வேண்டும். வர்ணத்தைச் சுரண்டினால் உள்ளிருக்கும் பித்தளை பொன்னாகப் பல்லிளிக்கும். யோசித்து, வகுப்பில் வாழ்நாளெல்லாம் பிடித்த 2பி பென்சிலை எடுத்து, டிரைவர் ஏறும் வாசலின் வலப்பக்கக் கம்பியில், தோளுயரத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மெதுவாகத் தேய்த்தேன். காரீயம் ஏறி, பழைய இரும்பின் மங்கிய ஒளி அங்கே வந்து நின்றது.

பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்" என்றேன்.

அவள் நகத்தால் தொட்டுப் பார்த்தாள். வாசலின் மறுபுறக் கம்பியையும் பார்த்தாள். "ஒரு கையாலயா தாத்தா தொங்கிக்கிட்டு ஏறுவாரு?" என்றாள்.

பென்சிலை மறுபடி சீவ உட்கார்ந்தேன்.