அரைமணி நேரத்துப் புதையல்

குழந்தை தூங்குகிற அரைமணியில் என்ன பெரிதாகப் படித்துவிட முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. அன்றிலிருந்து உப்பு ஜாடியில் கை வைத்தாலே, வெயிலில் உப்பு சுமக்கும் அந்தப் பெண்கள்தான் கண்முன் வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை டி.கே. பட்டம்மாள் கேட்டேன். பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவது அபூர்வமாக இருந்த காலத்தில் பாடி, ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பெயர் வாங்கியவர். சமையலறையில் மாமியாரும் கூடவே முணுமுணுத்தார்.

“அம்மா, உங்களுக்குப் பாடத் தெரியுமா?”

“கல்யாணத்தோட விட்டுட்டேன்டி.”

நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்; எனக்குத் தெரியவே தெரியாது! இப்போது குழந்தையைத் தூங்க வைப்பது அவர் பாட்டுதான். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்களேன்.