ஆயி மண்டபத்திலிருந்து பாகூர் ஏரி வரை: விவசாயி கண்ணில் புதுச்சேரி

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த பிறகு, தை, மாசியில் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய்வர நினைக்கும் கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிகள் பெரும்பாலும் ஏறுவது புதுச்சேரி பஸ்ஸில்தான். கடற்கரை, மணக்குள விநாயகர் கோயில், நேரு வீதியில் துணிக்கடை, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். பொழுது சாய்ந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மடை திறக்கவும் வாய்க்கால் வெட்டவும் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய புதுச்சேரி ஒன்று தனியாக இருக்கிறது. அதையும் அதே ஒரு நாளில் பார்த்துவிடலாம்.

வெயில் ஏறுவதற்கு முன் கடற்கரைப் பக்கம் நடப்பது நல்லது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. எதிரே உள்ள பழைய கலங்கரை விளக்கம் 1836-ல் ஒளி தந்தது. இந்தக் கரையிலிருந்துதான் ஒரு காலத்தில் நம் பக்கத்து வேர்க்கடலை மூட்டை மூட்டையாகக் கப்பலேறி பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. மணிலாக்கொட்டை என்ற பேர்தான் நம் வாயில் 'மல்லாட்டை' ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு மல்லாட்டைப் பொட்டலம் வாங்கித் தரும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

தெருக்கள் வரப்புக் கட்டியது போல நேராக ஓடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ஊர் என்றே எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம் இது. 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு திரும்பக் கட்டும்போதும் அதே நேர்கோட்டுத் தெருக்களே அமைந்தன. நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் குடியிருப்பு, மேற்கே தமிழர் குடியிருப்பு. தமிழர் பகுதியில் ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில் வாழ்ந்தார்.

இனி பாரதி பூங்காவுக்கு வரவேண்டும். நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதுதான் ஆயி மண்டபம். புதுச்சேரி என்றாலே அடையாளமாகப் போடும் படம் இதுதான். வருகிறவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு.

ஊரில் சொல்லும் கதை இது. ஆயி ஒரு தாசி. அவள் வீடு இரவில் விளக்குகளால் ஜொலித்ததைப் பார்த்து, அவ்வழியே வந்த அரசர் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த அரசர் கிருஷ்ணதேவராயர் என்பார்கள். விஷயம் தெரிந்ததும் கோபம் வந்து வீட்டை இடிக்கச் சொன்னார். ஆயி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இடிக்கிற வீட்டை நானே இடிக்கிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்ட விடுங்கள்." அந்தக் குளம் இருந்த இடம் முத்திரப்பாளையம். நூற்றாண்டுகள் கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்த நகரத்துக்கு அந்த முத்திரப்பாளையத்திலிருந்துதான் நீர் கொண்டுவந்தார்கள். ஆயியின் கதையைக் கேட்ட பேரரசர் அவள் நினைவாக மண்டபம் எழுப்பச் சொன்னார் என்கிறார்கள். கதையில் எவ்வளவு கலப்பு இருந்தாலும், பிரெஞ்சு நகரத்தின் நட்ட நடுவில் நிற்கும் நினைவுச் சின்னம் எந்தத் தளபதிக்கும் கட்டியதல்ல, ஒரு குளத்துக்குக் கட்டியது. அது மட்டும் கண்கூடு.

அங்கிருந்து தாவரவியல் பூங்கா. 1826-ல் தொடங்கியது. எந்த வெளிநாட்டுப் பயிர் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் தாங்கும் என்று நட்டுப் பார்ப்பதற்கான இடமாகத்தான் பிரெஞ்சுக்காரர்கள் இதை வைத்திருந்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை. 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயலில் இங்கேயும் மரங்கள் சாய்ந்தன. முந்திரியையும் பலாவையும் அன்று இழந்த கடலூர்க்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கடலூர் சாலையில் தெற்கே போக வேண்டும். வழியில் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியரின் மதுச் சாடித் துண்டுகள் கிடைத்த இடம். இன்று போனால் மரத்தோப்பும் பழைய செங்கல் சுவர்களும்தான். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். நேரம் குறைவாக இருந்தால் இதை விட்டுவிட்டுப் பாகூருக்குப் போய்விடலாம்.

பாகூருக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே இங்கே கல்விச்சாலை நடந்ததை, அதற்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த செப்பேடு சொல்கிறது. சோழர் காலத்து மூலநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரை ஏறினால் போதும், வந்த காரியம் முடிந்தது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் இந்த ஏரிக்குக் கொண்டுவருகிறது. அந்த வாய்க்காலுக்கும் ஒரு தாசியின் பெயர்தான் என்று ஊர்க்கதை உண்டு. பங்காரி, சிங்காரி என்று அக்காள் தங்கை இருவராம். இப்படி இரண்டு கதை ஒரே ஊரில் இருப்பது ஆச்சரியம்தான்.

புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள். பிரெஞ்சு ஆட்சியில் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரித்தார்கள். பிறகு அந்தச் சங்கங்கள் தளர்ந்தன. மோட்டார் வந்தது, போர்வெல் வந்தது, வரத்து வாய்க்காலில் கோரை மண்டியது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கி, மறுபடியும் சங்கங்கள் அமைத்தார்கள். ஏரி நிறைந்தால் சுற்றுக் கிணறுகளில் நீர் ஏறும். ஏரி வறண்டு, போர்வெல் மட்டும் ஓடினால், கடலோரத்தில் நல்ல நீர் இருந்த இடத்தில் உப்புநீர் உள்ளே வரும். பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் இது ஏட்டுப் பாடமல்ல. கரையில் நிற்கும் யாரிடமாவது, "உங்க ஊர் போர் எத்தனை அடி? தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். சுற்றுலாக் கையேட்டில் கிடைக்காத பேச்சு அது.

விழுப்புரம் பக்கம் திரும்புகிறவர்கள் நேரம் வைத்துக்கொண்டு ஊசுட்டேரியையும் பார்க்கலாம். ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியில், மறு பகுதி விழுப்புரம் மாவட்டத்தில். கார்த்திகை முதல் மாசி வரை வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும். வெயில் தாழ்ந்த பிறகு போனால் கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம். சத்தம் போடாமல் கரையிலேயே நிற்கப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.