ரேகை விழாத விரல்கள்

சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டி வரையில் பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த மூதாட்டியின் கட்டைவிரல், சேற்றிலும் நீரிலும் ஊறி ஊறித் தன் வரிகளை இழந்துவிடுவது இயற்கை. சுங்குடிச் சேலைக்கு நூலை இழுத்து முடிச்சிடும் மதுரைப் பெண்களின் விரல் நுனியும் அப்படியே தேய்கிறது. ஆனால், 2020ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து படிப்படியாக நியாயவிலைக் கடைகளுக்கு வந்து சேர்ந்த ரேகை முறையில், உழைப்பினால் அழிந்த அந்த விரலே அவர்களுடைய அரிசிக்குச் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

விரலைக் கண்ணாடியில் வைத்த மாத்திரத்தில், அதன் குறிப்பு ரகசியக் குறியீட்டினுள் பூட்டப்பட்டு, பெங்களூரிலும் ஹரியானாவின் மானேசரிலும் இருக்கும் ஆதார் ஆணையத்தின் தரவு மையங்களை நோக்கிப் போகிறது. நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களின் விவரம் அங்கே இருந்தாலும், இவள் யார் என்று அது தேடி அலைவதில்லை. உடன் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணுக்குரிய ஒரே பதிவை எடுத்து, இவள் அவள்தானா என்று ஒப்பிட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ விடை தருகிறது. 'இல்லை' என்னும்போது காரணத்தைச் சுட்டும் ஓர் எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறது என்பதுதான் பலரும் கவனியாத விஷயம்.

எங்கள் பக்கத்துக் கடையொன்றில் இந்த எண்ணை யாரும் சட்டை செய்வதில்லை. "ஆத்தா, ரேகை விழலை. விரலை நல்லாத் துடைச்சிட்டு வைங்க" என்பார் விற்பனையாளர். "போன மாசமெல்லாம் விழுந்துச்சேய்யா" என்று சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பில் துடைப்பாள் கிழவி. துடைத்தும் விழாவிட்டால் யாராவது தேங்காயெண்ணெய் தொட்டுவைக்கச் சொல்வார்கள். 300 என்ற எண் வந்திருந்தால் இந்த உபசாரத்துக்குக் கொஞ்சம் அர்த்தமுண்டு. ரேகை பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். 562 வந்திருந்தாலோ, கடை இயந்திரத்தின் கடிகாரம் மையத்தின் கடிகாரத்தை முந்தி ஓடுகிறது என்று அர்த்தம்; அதற்குக் கிழவியின் விரலைத் துடைத்து என்ன பிரயோஜனம்? 811 என்றால் மையத்தில் அவளுடைய ரேகையே பதிவாகவில்லை. 330 என்றால் அவளுடைய பெயரில் யாரோ ரேகையைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். செய்தி மையத்தைச் சென்றடையவே இல்லையென்றால் அது சிக்னலின் குற்றம். இயந்திரத்தை வாசற்படிக்குக் கொண்டுவந்தால் தீர்ந்துபோகும். இத்தனை வித நோய்க்கும் விரலைத் துடைப்பது ஒன்றே மருந்து என்று எண்ணுவதையும், தவறு முழுவதையும் வரிசையில் நிற்பவள் தலையிலேயே சுமத்துவதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கருவிழியைக் காட்டலாம், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லலாம், ஆயினும் அந்தக் கைப்பேசி திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது, அவனோ வேலை நேரத்தில் எடுப்பதில்லை. இத்தகைய சங்கடத்தை முன்னறிந்தே, 2017 அக்டோபர் 24ஆம் தேதிய சுற்றறிக்கையில் ஆதார் ஆணையம், சரிபார்ப்புத் தவறியது என்பதற்காக உரியவருக்குப் பொருளை மறுக்கலாகாது, மாற்று வழியில் வழங்கிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர் ஆதார் திட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, தனித் தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், சரிபார்ப்பு தவறுவதால் ஏழைகள் விலக்கப்படும் அபாயத்தை விரிவாக எடுத்துரைத்தார். கடை வாசலில் வெயிலில் நிற்கும் கிழவிக்கு இந்த இரண்டும் எட்டுவது துர்லபம்.

பத்து விரல்களும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. நாற்றைப் பிடிக்கும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அழிந்தாலும், அதிகம் உழைக்காத மோதிர விரல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேறொரு கடையில், பொறுமைசாலியான விற்பனையாளர் ஒருவர் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, தேறிய விரலைக் குடும்ப அட்டையின் உறையில் பேனாவால் "இடது மோதிரம்" என்று எழுதிக் கொடுத்தார். மறு மாதம் அந்தப் பாட்டிக்கு முதல் தடவையிலேயே ரேகை விழுந்தது. பின்னால் நின்றவர்களும் தத்தம் அட்டையை நீட்டி, "எங்களுக்கும் அப்பிடியே எழுதிக் குடுங்க தம்பி" என்றார்கள்.