கேம்ப் ரோடு தங்கச்சிக்கு, ஆஸ்லோவிலிருந்து

ஆஸ்லோ
ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். மகளுக்கு மார்ச்சில் பிரசவம், பிப்ரவரி முதல் வாரம் ட்ரொன்ஹெய்முக்கு டிக்கெட் போட்டாயிற்று, குளிர் தாங்குவேனா அக்கா, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கணுமா, காய்ச்சல் வந்தால் யாரைப் பார்ப்பது என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். பின்னால் கேம்ப் ரோடு பஸ் ஹாரன். மூன்று தடவை கேட்டது அதற்காகவும்தான். நான் ஹாரன் சத்தம் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது.

குளிரை விடு. நீ பயப்பட வேண்டியது தரைக்கு.

டிசம்பர் முதல் வாரம் நான் விழுந்தேன். முந்தின நாள் பனி, ராத்திரி மழை, விடியற்காலை மறுபடி உறைகுளிர். பால் வாங்க நூறு அடி தள்ளியிருக்கிற கடைக்குக் கிளம்பினேன். தெரு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது, நம்ம வாசலில் தண்ணீர் தெளித்த மாதிரி. கோலம் போடலாம் போல இருந்தது. இரண்டாவது அடியில் வானம் தெரிந்தது. இடது கையை ஊன்றினேன். மணிக்கட்டைப் பார்த்ததுமே என்ன ஆயிற்று என்று தெரிந்துவிட்டது. முள்கரண்டி மாதிரி வளைந்து நின்றது. அவசர மருத்துவ நிலையத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் அதே வயசுப் பெண்கள், அதே மணிக்கட்டு. மொழி தெரியாமலேயே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இடுப்பு எலும்பு முறிவு உலகத்திலேயே அதிகம் பதிவான ஊர்களில் ஆஸ்லோ முன்வரிசை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாவுக்கட்டுப் பிரித்து நாலு நாள்தான் ஆகிறது.

புதுப் பனி ஒன்றும் செய்யாது, மணல் மாதிரி மிதித்துப் போகலாம். உருகி மறுபடி உறைந்ததுதான் எமன். கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் தார் ரோடு தெரியும். ட்ரொன்ஹெய்மில் மேடு பள்ளம் வேறு உண்டு. செருப்புக் கடையில் 'ப்ரொடர்' என்று கேள். ரப்பர் பட்டையில் இரும்பு முள் வைத்தது, ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம். கிழவர் குமரர் எல்லோரும் மாட்டுகிறார்கள், கூச்சமே வேண்டாம். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடு, வழவழப்பான தரையில் அதுவே வழுக்கும். வாத்து மாதிரிச் சின்னச் சின்ன அடி வை. கையைக் கோட்டுப் பைக்குள் விடாதே. பொடிக்கல் தூவிய பக்கமாக நட. கட்டடத்துச் சுவரில் கம்பு சாய்த்து வைத்தோ கயிறு கட்டியோ இருந்தால் அந்தப் பக்கம் போகாதே. கூரையிலிருந்து பனிக்கட்டி விழும் இடம் அது. எனக்கு இதெல்லாம் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

உடுப்புக்கு அதிகம் சொல்வதற்கில்லை. சண்முகம் ரோட்டில் ஸ்வெட்டராகப் பார்த்து அள்ளி வராதே. உடம்பை ஒட்டிப் போடுவது கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், அதுதான் குளிரும். வீட்டுக்குள் நைட்டி போதும், சூடு அப்படி. ஆனால் காற்று காய்ந்து கிடக்கும், குதிகால் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் எடுத்து வா. பாட்டிலில் இல்லை, வாயகன்ற டப்பாவில்.

சூரியன் விஷயம் உன் மகள் சொல்லியிருப்பாள். டிசம்பரில் இங்கே ஆறு மணி நேரம், ட்ரொன்ஹெய்மில் நாலரை. நீ வரும்போது பகல் நீண்டிருக்கும். ஆனாலும் மத்தியானம் வெளியே நடப்பதைக் கட்டாயமாக வைத்துக்கொள். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் மூன்றாம் வாரம் காரணமில்லாமல் அழுகை வரும். எனக்கு வந்தது. சாயங்காலம் வெளியே போனால் கோட்டில் பளபளக்கும் பிரதிபலிப்பான் ஒன்றைத் தொங்கவிடு. கறுப்புக் கோட்டும் இருட்டும் சேர்ந்தால் வண்டிக்காரர் கண்ணுக்கு நீ இல்லை. கோடு போட்ட இடத்தில் கார் தானாக நிற்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்திப் பழகிய நமக்கு அது ராஜமரியாதை. ஆனால் டிராம் நிற்காது. கோடு போட்ட இடத்திலும் டிராமுக்கு நாம்தான் வழிவிட வேண்டும்.

மருந்து. சுகர், பி.பி. மாத்திரை, நீ தங்கப்போகிற தொண்ணூறு நாளுக்கும் கைப்பையில் வைத்துக்கொள், பெட்டியில் போடாதே. ஸ்ட்ரிப்பைப் பிரிக்காமல் அட்டைப் பெட்டியோடு வை. டாக்டரிடம் மருந்தின் வேதிப்பெயரை எழுதி வாங்கிக்கொள், கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. பாராசிட்டமால் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஆன்டிபயாட்டிக் மட்டும் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தர மாட்டார்கள். மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் தொண்டைவலி என்று சொல்லி மூன்று நாளுக்கு வாங்குகிற வேலை நடக்காது. சளிக்குப் போனால் வெந்நீர் குடி, ஒரு வாரம் பொறு என்று திருப்பி அனுப்புவார்கள். உனக்குக் கோபம் வரும். பாதி மருந்தோடு நிறுத்திவிட்டு, அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியோடு திரும்பி வந்தவர்களை நர்ஸ் வேலையில் நம் காசநோய் வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? அதை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்.

விசாவுக்குக் குறைந்தது முப்பதாயிரம் யூரோ இன்சூரன்ஸ் கேட்பார்கள், எடுத்திருப்பாய். பாலிசியில் பழைய நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படி. விண்ணப்பத்தில் சுகரை மறைக்காதே. விருந்தாளியாக வருகிற நமக்கு இங்கே வைத்தியம் இலவசமில்லை. ஆம்புலன்சுக்கு 113, தீக்கு 110, போலீசுக்கு 112. உயிர் போகிற அவசரமில்லை, ஆனால் காலைவரை தாங்காது என்றால் 116117. ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டு.

தண்ணீர் குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம். கேன் போடுகிற தம்பிக்கு வேலையே இல்லை.

நெய்யும் பால்கோவாவும் கட்டாதே. பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுவரக் கூடாது. நெய் விட்டுக் கிண்டிய பிரசவ லேகியத்துக்கும் அதே கதிதான். லேகியத்தில் எனக்கு வேறொரு பயமும் உண்டு: உள்ளே என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று தெரியாததைப் பால் கொடுக்கிறவளுக்குக் கொடுக்காதே. சுக்கு, மிளகு, ஓமம் போதும். சாம்பிராணியும் வேண்டாம். எல்லா வீட்டிலும் புகை அலாரம் இருக்கிறது. இங்கே என் பேரனுக்கு முதல் தடவை தலைக்கு ஊற்றிய அன்று நான் ஒரு சிட்டிகை போட்டேன். மாடி முழுக்க அலறி, பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்காலோடு ஓடி வந்தார். கடுகு தாளிக்கும்போதுகூட ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

இனி குழந்தை விஷயம். இதற்குத்தான் நீ மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் குழந்தையை வெளியே தூங்க வைக்கிறார்கள். பால்கனியில், தள்ளுவண்டியில், கம்பளிப் பைக்குள் மூக்கு மட்டும் தெரிய, மைனஸ் ஐந்தில்! மைனஸ் பத்துக்குக் கீழே போனால்தான் உள்ளே. என் மகள் முதல் நாள் பேரனை வண்டியில் தள்ளிக்கொண்டு போனபோது நான் கதவை மறித்து நின்றேன். ஜன்னி வந்தால் என்ன பண்ணுவாய் என்று கத்தினேன். மருமகன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார், புத்திசாலி.

மகள் சொன்னாள்: "அம்மா, உங்க சானடோரியத்துல என்ன பண்ணினாங்க?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து, நாம் வேலை பார்த்த அந்தக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் பச்சைமலை அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்ததே காற்றுக்காகத்தானே? மருந்தே இல்லாத காலம். வெயில், காற்று, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். நமக்கு முந்தின தலைமுறை சிஸ்டர்கள் கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துப் போட்ட கதையைச் சொல்லித்தான் நம்மைப் பழக்கினார்கள். சர்வீஸ் முழுக்க வார்டு ஜன்னலைத் திறங்கள், திறங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவள், பேரனுக்குக் கதவைச் சாத்துகிறேன்.

இன்னொன்றும் கேள். மகள் வேலைக்கு வந்த புதிதில் அவளுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து வந்து மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு இங்கே அது கட்டாயம். தொண்ணூறு நாளில் திரும்புகிற உனக்கும் எனக்கும் இல்லை. சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போன பெண்ணை நிறுத்தி நெஞ்சுப் படம் எடுத்தார்களாம். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது இல்லை.

போன திங்கட்கிழமை குழந்தை நல நிலையத்தில் பேரனுக்கு பி.சி.ஜி. போட்டார்கள். நார்வேக் குழந்தைகளுக்கு அது கிடையாது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் போட்டதை 2009-இல் நிறுத்திவிட்டார்கள். நம்மைப் போன்ற நாட்டுக்காரர் பிள்ளைக்கு மட்டும், ஆறு வாரத்தில். 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் வந்ததும், டேனிஷ் செஞ்சிலுவைக்காரர்கள் நார்வே, ஸ்வீடன் அமைப்புகளையும் யுனிசெஃபையும் சேர்த்துக்கொண்டு நாடு நாடாக ஊசி போட்டதும், 1955-இல் ராஜாஜி அதை எதிர்த்துச் சண்டை போட்டதும் பயிற்சி வகுப்பில் படித்தோமே. 1968-இல் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம், பெரிய பரிசோதனை நடத்தினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. கைக்குழந்தையின் மூளைக்குக் காசம் ஏறாமல் காப்பதால் இன்றும் போடுகிறோம். கிண்டியில் வளர்த்ததும் டென்மார்க் வித்துதான். உன் தோளிலும் என் தோளிலும் இருக்கிற தழும்புக்கு இந்தப் பக்கத்து ஊர் உறவு.

நர்ஸ் பெண்ணிடம் என் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தன் கையையும் ஏற்றிக் காட்டினாள். 2009-க்கு முன்னால் பள்ளி முடித்தவள்.

இப்போது மணி பதினொன்று. வெளியே மைனஸ் நாலு. பேரன் பால்கனியில் இரண்டு மணி நேரமாகத் தூங்குகிறான். கால் மணிக்கு ஒரு தடவை போய் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு சூடாக வருகிறது. கதவைப் பாதி திறந்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன், விரல் விறைக்கிறது.

ப்ரொடர் உனக்கும் ஒரு ஜோடி வாங்கி வைக்கட்டுமா? செருப்பு அளவை எழுது.

அன்புடன்,
அக்கா