ஒரு நிமிஷத்துல பாண்டி!

'ஒரு நிமிஷப் படம், மொபைல்லயே எடுக்கலாம்'னு 2019ல காலேஜ்ல போட்டி வெச்சாங்க. ட்ரைபாடைக் கடன் வாங்கிட்டு நாலு பேரும் பாண்டிக்கு பஸ் ஏறிட்டோம்.

மஞ்சள் சுவர், காகிதப்பூ, சிவப்புத் தொப்பி போலீஸ்னு ஒயிட் டவுன் செம அழகு. ஆனா, எல்லாம் ஏற்கெனவே சினிமாவுல பார்த்த அழகு பாஸ்! 'லைஃப் ஆஃப் பை' (2012) பொட்டானிக்கல் கார்டனைக்கூட விட்டுவைக்கலையே.

அப்பதான் லூமியேர் சகோதரர்கள் ஞாபகம் வந்தது. 1895 டிசம்பர் 28ல பாரிஸ்ல அவங்க காசு வாங்கிக் காட்டின பத்துப் படமும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. ஃபேக்டரியில இருந்து ஆளுங்க வெளியே வர்றாங்க... ஒரு படத்துல கதையே அவ்ளோதான்! கேமரா நின்ன இடத்துலயே நிக்கும்.

நாங்களும் பீச் ரோட்டுல ட்ரைபாடை நிறுத்தி, பழைய துறைமுகப் பாலத்தை அசையாம எடுத்தோம். அலை வருது, தூண்ல மோதுது, போகுது. மொத்தம் 58 செகண்ட்.

'கதை எங்கப்பா?'னு முதல் ரவுண்ட்லயே அனுப்பிட்டாங்க. நியாயம்தான், எங்களுக்கே கொஞ்சம் போரடிச்சது.

2022 மார்ச்ல அந்தப் பாலம் நடுவுல இடிஞ்சு கடல்ல விழுந்துடுச்சு. அந்த 58 செகண்ட் எவன் மொபைல்ல இருக்குன்னு இப்ப நாலு பேரும் தேடிட்டு இருக்கோம்!